எங்கள் தெருவில் அடுத்த மாதம் முதல் பால் போட ஆள் இல்லை

நங்கநல்லூர்வாசி
பதினெட்டு வருடமாக எங்கள் தெருவுக்குப் பால் போடும் அண்ணன் நேற்று மாதக் காசு வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார், "அடுத்த மாசத்தோட நிறுத்திக்கறேன் சார், முட்டி வலி தாங்கலை." மகன் ஏதோ குடோனில் வேலை பார்க்கிறானாம், இதற்கு வர மாட்டானாம். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒன்று, நீலப் பாக்கெட் இரண்டு. காலை ஐந்தே காலுக்கு கேட்டில் மாட்டிய ஒயர் கூடையில் பாக்கெட் விழும் சத்தம்தான் அம்மாவுக்கு அலாரம்.

இப்போது என்ன செய்வது? ஆப் நம்பலாமா, நாமே கடைக்குப் போய் வாங்கிவிடலாமா, இல்லை பண்ணையிலிருந்து பாட்டிலில் வருகிறதே அதற்கு மாறலாமா? கூடவே ஒரு பெரிய கேள்வியும் உண்டு. இந்த வீட்டு வாசல் பால் என்பதே இன்னும் பத்து வருடம் இருக்குமா?

கோவை_டிகாஷன்
சிம்பிள். ஆப் போடுங்கள். நான் இரண்டு வருடமாக அதில்தான் வாங்குகிறேன். ஊருக்குப் போனால் இரவு பத்து மணிக்குள் 'நாளை வேண்டாம்' என்று தட்டினால் போதும். பால்காரருக்கு போன் போட்டு, அவர் எடுக்காமல், திரும்பி வந்து பார்த்தால் கூடையில் மூன்று நாள் பால் புளித்துக் கிடக்கும் கதையெல்லாம் இல்லை.

தயிர்சாதம்
இப்போது பத்து நிமிடத்தில் கொண்டுவருகிறார்களே, ஆர்டர் போட்டுவிட்டுப் பல் தேய்த்து வருவதற்குள் பால் வந்துவிடும். இதற்கு ஒரு இழையா 🙂

கணக்குப்புலி
@கோவை_டிகாஷன் ஆப் நன்றாகத்தான் இருக்கும், இருக்கும் வரை. 2022 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்விக்கி வாங்கி நடத்திய சூப்பர் டெய்லி, சென்னை, மும்பை, டெல்லி, புனே, ஐதராபாத் என்று ஐந்து ஊர்களில் ஒரே மூச்சில் நிறுத்தியது. அதற்கு முன்னால் டெய்லிநின்ஜாவை பிக்பாஸ்கெட் வாங்கியது, மில்க்பாஸ்கெட்டை ரிலையன்ஸ் வாங்கியது. பாலை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்து லாபம் பார்க்க எவராலும் முடியவில்லை என்பதுதான் இதில் விஷயம். பாலைக் காட்டி உள்ளே வருவார்கள், பிறகு முட்டை, பிரெட், இட்லி மாவு, கீரை என்று கூடையை நிரப்பப் பார்ப்பார்கள். கூடை நிறையவில்லை என்றால் 'சேவைக் கட்டணம்' வரும், அதுவும் போதவில்லை என்றால் கடையைச் சாத்துவார்கள்.

@தயிர்சாதம் பத்து நிமிடம் சரி. காலை ஐந்தே காலுக்கு, மழையில், தினமும், மூன்று பாக்கெட்டுக்கு? டெலிவரி கட்டணம் இல்லாமல் வர வேண்டும் என்றால் இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கு என்பான். ஒன்றரை லிட்டர் பாலுக்காக தினமும் சோப்பு வாங்க முடியுமா?

அதிகாலைமூணுமணி
பெரம்பூர் பக்கம் 22 வருடம் பால் முகவராக இருந்து மூன்று வருடத்துக்கு முன் விட்டவன். நங்கநல்லூர் சார், உங்கள் அண்ணனுக்கு முட்டி வலி மட்டும் காரணமாக இருக்காது, கணக்கும் வலித்திருக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். இரவு இரண்டரை, மூன்று மணிக்கு வண்டி வந்து தெருமுனையில் டப், அதாவது பாக்கெட் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டி, இறக்கும். ஒரு டப்பில் அரை லிட்டர் பாக்கெட் 24, ஆக 12 லிட்டர். இறக்கியவுடன் டார்ச் அடித்து லீக் பாக்கெட் பார்க்க வேண்டும், வண்டி கிளம்பிவிட்டால் அந்தப் பால் என் தலையில். அப்புறம் தெரு வாரியாகப் பிரித்து, பைக்கில் இரண்டு பக்கமும் கட்டி, நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கு முடியும். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீடுகள்தான் பாதி. கடைசியில் 140 வீடு வைத்திருந்தேன், வீட்டுக்கு மாதம் 75 ரூபாய் சர்வீஸ் காசு. பத்தாயிரத்து ஐநூறு வந்திருக்க வேண்டும் அல்லவா? பெட்ரோல், பஞ்சர், லீக், சொல்லாமல் வீடு காலி செய்துவிட்டுப் போனவர் பாக்கி எல்லாம் போக ஏழாயிரம் கையில் நின்றால் அது நல்ல மாதம். பாக்கெட்டில் கிடைக்கும் கமிஷன் தனி, ஆனால் அது டீ செலவுக்கும் முன்பணத்துக்குக் கட்டும் வட்டிக்கும் சரியாகப் போய்விடும். கம்பெனிக்கு நாங்கள் முன்கூட்டியே பணம் கட்டி எடுக்க வேண்டும், வீடுகளில் காசு வருவது மாதம் முடிந்து ஐந்தாம் தேதி, பத்தாம் தேதி. அந்த நாற்பது நாள் இடைவெளியை எங்களைப் போன்றவர்கள்தான் வட்டிக்கு வாங்கி நிரப்பினோம்.

இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. அந்த 75 ரூபாயை 100 ஆக்கலாம் என்று ஒரு வருடம் கேட்டேன். 140 வீட்டில் 31 வீடு நின்றுவிட்டது. அதில் கார் இரண்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பாலுக்கு அரசாங்கம் இரண்டு ரூபாய் ஏற்றினால் கொடுத்துவிடுவார்கள், போடுகிறவன் கேட்டால் "கடைக்காரன்கூட எம்.ஆர்.பி.க்குத்தானே தருகிறான்" என்பார்கள். மாடு, தீவனம், டேங்கர், பவுடர், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றுக்கும் பால் விலையில் இடம் இருக்கிறது. மாடி ஏறும் காலுக்கு மட்டும் அதில் இடமே வைக்கவில்லை.

அரசுப் பால், தனியார் பால் இரண்டும் போட்டவன் நான். யாரையும் குறை சொல்லவில்லை, இரண்டிலும் முட்டி ஒன்றுதான்.

நங்கநல்லூர்வாசி
அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கொடுப்பது 80. நான்கு வருடமாக அதே 80. அவர் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

தயிர்சாதம்
கேட்கவில்லையா, இல்லை கேட்டால் 31 வீடு நிற்கும் என்று தெரிந்து கேட்கவில்லையா?

பசும்பால்பிரியை
பாக்கெட் பாலே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வருடமாக கண்ணாடி பாட்டிலில் ஏ2 என்ற புரத வகை உள்ள நாட்டு மாட்டுப் பால் வாங்குகிறேன். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல்தான், ஆனால் ஆடை கட்டுகிறது, வெண்ணெய் எடுக்க முடிகிறது, பிளாஸ்டிக் குப்பையும் இல்லை. வாசலில் வைத்துவிட்டு காலி பாட்டிலை எடுத்துப் போகிறார்கள். எதிர்காலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற_கெமிஸ்ட்
முப்பது வருடம் பால் பண்ணை லேபில் இருந்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடை கட்டாததற்குக் காரணம் பால் மட்டம் என்பதில்லை. பல பாக்கெட் பால் ஹோமோஜினைஸ் செய்து வருகிறது, கொழுப்பை நுண்ணிய துளியாக உடைத்துவிடுவதால் மேலே மிதந்து சேராது. நீலம் என்பது சமன்படுத்தப்பட்டது, கொழுப்பு 3 விழுக்காடு, இதர திடச்சத்து 8.5. பச்சை 4.5. ஆரஞ்சு 6 விழுக்காடு, திடச்சத்து 9. நம் ஊர் கலப்பின மாடு கறக்கும் பாலில் இயற்கையாகவே 6 விழுக்காடு கொழுப்பு இருக்காது, ஆக ஆரஞ்சு பாக்கெட் என்பதே எருமைப் பாலோ தனியாக எடுத்த கொழுப்போ சேர்த்து அமைப்பதுதான். கெட்டியாக இருப்பதுதான் அசல் என்று நினைப்பது நம் நாக்குக்குப் பழகிய பழக்கம்.

அப்புறம் ஏ2. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று போட்டு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது, ஒரு வாரத்துக்குள் அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கலப்படத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம், யூரியா, சோப்புத்தூள் என்று வாட்ஸப்பில் வீடியோ வரும். அதே ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 மாதிரி எடுத்துச் சோதித்தது, கலப்படம் என்று பிடிபட்டவை 12 தான். ஆனால் 5.7 விழுக்காடு மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது, அந்த வரிசையில் முதலில் நின்ற மாநிலம் தமிழ்நாடு. இது யாரும் ஊற்றிக் கலப்பது இல்லை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, ஈரம் பாய்ந்த மக்காச்சோளம் இவற்றை மாடு தின்றால் பாலில் வரும். காய்ச்சினால் போகாது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றினாலும் போகாது.

பசும்பால்பிரியை
சரி சார், ஆனால் அந்த ஆய்விலேயே அது பச்சைப் பாலைவிட பதப்படுத்திய பாலில்தான் கூடுதலாக இருந்தது என்று செய்தி வந்ததே? அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஓய்வுபெற்ற_கெமிஸ்ட்
உண்மைதான் அம்மா, சொல்லியிருக்க வேண்டும். ஆயிரம் வீட்டுப் பால் ஒரே தொட்டியில் சேருகிறது அல்லவா. உங்கள் பண்ணைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், தீவனத்தை எங்கே அடுக்கி வைக்கிறார், மழைக்காலத்தில் மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறாரா என்று. லேபிளில் இருக்கும் வார்த்தையைவிட அந்தப் பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மாட்டுக்கொட்டகை
எல்லோரும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள், கொட்டகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். நான்கு ஜெர்சி கலப்பு மாடு, ஒரு எருமை. அதிலும் கறவையில் இருப்பது எப்போதும் இரண்டோ மூன்றோதான். மற்றது சினையாக நிற்கும், பால் வற்றிய இரண்டு மாதம் தீவனம் மட்டும் உள்ளே போகும், ஒரு சொட்டு வெளியே வராது. அந்த இரண்டு மாதக் கணக்கை எந்தப் பட்டணத்துக்காரரும் போடுவதில்லை.

அரசு கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டர் 32-லிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 38. பேப்பரில் அப்படித்தான் வரும். ஆனால் அது தரத்துக்குத் தகுந்த விலை. பால்மானி விட்டு, கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு அல்லாத திடச்சத்து) பார்த்துத்தான் காசு. கோடையில் பச்சைத் தீவனம் இல்லாமல் வைக்கோலைப் போட்டால் எஸ்.என்.எஃப். இறங்கிவிடும், பால் அதே பால், மாடு அதே மாடு, ரூபாய் குறையும். ஒரு வருடம் எனக்கு ஐந்து வாரம் பட்டுவாடா வரவில்லை. எந்தப் பால் கூட்டுறவு சொசைட்டி, யார் என்று எழுதப் போவதில்லை, வந்தது, தாமதமாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் தீவனக் கடைக்காரர் ஐந்து வாரம் பொறுக்க மாட்டார்.

தனியார்காரன் வீட்டு வாசலில் வந்து எடுப்பான், இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பான், வாரம் தவறாமல் பணம் போடுவான். சரி என்று அவனுக்கு ஊற்றினால், 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியதும் "இன்னிக்கு வண்டி வராது" என்று ஒரே போன். அன்றைக்குத் திரும்ப சொசைட்டி வாசலில்தான் போய் நின்றோம். கூட்டுறவைத் திட்டிக்கொண்டே அதை விட முடியாமல் இருப்பதற்கு அந்த ஒரு மாதம்தான் காரணம்.

வேலை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். என் வீட்டம்மாதான் காலை நாலரைக்குச் சாணி அள்ளுகிறாள். பட்டணத்தில் அண்ணன் டப் இறக்கும் அதே நேரம். சொசைட்டி பாஸ்புத்தகத்தில் இருப்பது என் பெயர்.

மகன் ஐ.டி.ஐ. முடித்து ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறான். மாடு வாங்க லோன் எடுத்துத் தரேன் என்றேன், சிரித்தான்.

அதிகாலைமூணுமணி
கும்பிடுகிறேன் அண்ணே. 22 வருடம் உங்கள் பாலைத்தான் போட்டேன், உங்களோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

நீலப்பாக்கெட்
விலை விஷயத்துக்கு வருவோம். இங்கே பால் விலை என்பது பொருளாதாரம் இல்லை, அரசியல். 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் ஆவின் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், நீலம் 43-லிருந்து 40. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அடுத்த வருடம் நவம்பரில் விவசாயிக்கு 3 ரூபாய் ஏற்ற வேண்டி வந்தபோது அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆரஞ்சு பாக்கெட்டை ஆவின் மாத அட்டை இல்லாதவர்களுக்கு 48-லிருந்து ஒரேயடியாக 60 ஆக்கினார்கள், அட்டைக்காரருக்கு 46-லேயே விட்டார்கள். 2023 கடைசியில் பச்சையை ஓரங்கட்டி, கொழுப்பு 3.5 விழுக்காடு மட்டும் உள்ள ஊதா பாக்கெட்டை அதே 44 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். விலை ஏறவில்லை, கொழுப்பு இறங்கியது. அந்தக் குறைப்புக்குப் பிறகு நீலத்தை ஏற்ற அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. நான் நீலம் வாங்குகிறவன், எனக்கு நல்லதுதான், ஆனால் செங்கத்துக்காரர் சொல்வதைப் படித்த பிறகு அந்த 40 ரூபாயில் யாருடைய பங்கு குறைந்திருக்கிறது என்று தெரிகிறது.

கணக்குப்புலி
இதோடு குஜராத் கூட்டுறவான அமுல் பஞ்சாயத்தையும் சேருங்கள். 2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின், மத்திய கூட்டுறவு அமைச்சர் அமித்ஷாவுக்குக் கடிதம் எழுதினார்: கிருஷ்ணகிரியில் அமுல் குளிரூட்டும் நிலையம் வைத்து, தருமபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் வரை பால் எடுக்கத் திட்டமிடுகிறது, ஒருவர் பால்வளப் பகுதியில் இன்னொரு மாநிலக் கூட்டுறவு நுழைவது வழக்கம் இல்லை, தடுத்து நிறுத்துங்கள் என்று. அதே கடிதத்தில் ஆவினுக்கு 9,673 சங்கங்கள், நான்கரை லட்சம் உறுப்பினர், நாளுக்கு 35 லட்சம் லிட்டர் என்று கணக்கும் இருந்தது. அமுலை வளர்த்த குரியன் காலத்திலிருந்து இருக்கும் மரியாதை அது, ஒரு கூட்டுறவு இன்னொன்றின் தொட்டியில் கை வைக்காது என்பது. ஆனால் பால் ஊற்றுகிறவர் நிலையில் நின்று பார்த்தால், கூடக் கொடுக்கும் மூன்றாவது ஆளை ஏன் தடுக்கிறீர்கள் என்று தோன்றும் இல்லையா?

மாட்டுக்கொட்டகை
தோன்றும். அவன் போன பிறகு சொசைட்டி உயிரோடு இருந்தால் சரி என்றும் தோன்றும்.

லண்டன்_ஈஸ்ட்ஹாம்
இங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம். இங்கிலாந்தில் 1980 வாக்கில் வீடுகளுக்கான பாலில் பத்தில் ஒன்பது பங்கு வாசலுக்குத்தான் வந்தது. கண்ணாடி பாட்டில், அதுவும் பேட்டரி வண்டியில்! இப்போது எல்லோரும் புதுசாகக் கண்டுபிடித்தது போலப் பேசும் மின்சார வண்டி இங்கே பால்காரர்களிடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓடியது, காலையில் சத்தம் வரக் கூடாது என்பதற்காக. பிறகு ஃபிரிட்ஜ் பெரிதானது, சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கேனில் பால் மலிவாக வந்தது, ஆளைக் கடைக்குள் இழுக்க நஷ்டத்துக்கே விற்றார்கள். 2010களின் நடுவில் வாசலுக்கு வந்தது நூற்றுக்கு மூன்று பங்குதான். அப்புறம் அடி விழுந்தது விவசாயிக்கு. 2015-ல் விலை பற்றாமல் பால் விவசாயிகள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய் பால் கேன்களையெல்லாம் தள்ளுவண்டியில் அள்ளி அலமாரியைக் காலி செய்து போராடினார்கள், ஒரு ஊரில் மாட்டையே கடைக்குள் ஓட்டிப் போனார்கள்.

2020 கொரோனாவில் திடீரென்று பால்காரருக்கு மறுபடியும் மவுசு வந்தது. இப்போதும் இருக்கிறார்கள், ஆனால் ஒரு பாட்டில் கடை விலையைவிட நன்றாகவே கூட. வசதி உள்ளவர் விருப்பத்துக்கு வாங்கும் பொருளாகிவிட்டது. பொடிக் குருவி ஒன்று பாட்டில் மூடியைக் கொத்தி மேலே நிற்கும் ஆடையைக் குடிக்கும் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

தயிர்சாதம்
இங்கே காகம். பாக்கெட்டை ஓட்டை போட்டுவிட்டுக் குடிக்காமல் போய்விடும், வெறும் கெட்ட எண்ணம்.

கோவை_டிகாஷன்
லண்டன் கதை நமக்குப் பொருந்துமா? அங்கே வாரத்துக்கு ஒரு தடவை வாங்கி வைத்துக் குடிக்கிறார்கள். நாம் அன்றன்றைக்குப் பாலைக் காய்ச்சி, முதல் டிகாஷனில் காபி போட்டு, மிச்சத்தை ராத்திரி உறை ஊற்றுகிறவர்கள். இரண்டு நாள் பாலை ஃபிரிட்ஜில் வைத்தால் என் மாமியார் அதற்குப் 'பழைய பால்' என்று பெயர் வைத்துவிடுவார். இந்தப் பழக்கம் இருக்கும் வரை காலை ஐந்து மணிக்கு யாராவது வந்துதான் ஆக வேண்டும்.

கணக்குப்புலி
பழக்கம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. என் தங்கை வீட்டில் ஆறு மாதம் கெடாத அட்டைப்பெட்டிப் பால் வரிசையாக அடுக்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் அதற்கு ஜி.எஸ்.டி.யையும் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் பால்காரர் வந்தாலும் எடுத்து வைக்க ஆள் இல்லை.

ஓய்வுபெற்ற_கெமிஸ்ட்
சிறு வயதில் திருவல்லிக்கேணியில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவருவார். கன்று செத்துப்போயிருந்தால் தோலுக்குள் வைக்கோல் திணித்த ஒரு பொம்மைக் கன்றைத் தோளில் தூக்கிவந்து மாட்டுக்கு முன்னால் வைப்பார், அது நக்கிக்கொண்டே பால் சுரக்கும். பாட்டி பக்கத்தில் நின்று பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள், தண்ணீர் இருக்கிறதா என்று. அவர் காட்டுவார், தினமும், முகம் சுளிக்காமல். நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பொம்மைக் கன்றை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நங்கநல்லூர்வாசி
ஒரு அப்டேட். நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசினோம். அண்ணனையும் கூப்பிட்டோம். மாதம் 150 தருகிறோம், மாடி ஏற வேண்டாம், தெருவுக்கு ஒரே இடத்தில் பெட்டியில் வைத்தால் நாங்கள் இறங்கி எடுத்துக்கொள்கிறோம், காசு மாதம் முதல் தேதியே முன்பணமாக ஜிபேயில் என்று சொன்னோம். இரண்டு வீடு 150 அதிகம் என்று எழுந்து போய்விட்டது. மீதி ஏழு. அண்ணன் கொஞ்சம் யோசித்தார், "எனக்கு வேணாம் சார், தம்பி சம்சாரம் ஸ்கூட்டி ஓட்டும், இன்னும் ரெண்டு தெரு இதே மாதிரி சேர்ந்தா கேட்டுப் பாக்கறேன்" என்றார். பக்கத்துத் தெருவில் இன்று மாலை பேசப் போகிறேன். ஆனால் அந்த அம்மா பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிவிட வேண்டுமாம், ஐந்தே கால் முடியாது, ஐந்துக்கு முன்னால் வேண்டுமானால் வருகிறாராம். அம்மாவிடம் சொன்னேன், அலாரத்தை மாற்றிக்கொள்கிறேன் என்கிறார்.

@அதிகாலைமூணுமணி அண்ணா, பெட்டி எந்த மாதிரி வைக்கலாம்?

அதிகாலைமூணுமணி
மரப்பெட்டி வேண்டாம், ஒழுகினால் நாறும். மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் நாலு ஓட்டை, மேலே கல் ஒன்று வையுங்கள், பூனை தள்ளிவிடும். வெயில் விழாத பக்கமாக, தெரு விளக்குக்குக் கீழே. லீக் பாக்கெட் வந்தால் யார் கணக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள், அந்தம்மா தலையில் கட்டாதீர்கள். அப்புறம் எழுந்து போன அந்த இரண்டு வீடும் பத்து நாளில் வரும், வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.